சுகர் வந்தவங்களுக்குத் துணை எங்க கிடைக்கும்? அடிக்கடி கேக்குற கேள்விகள்

எனக்கு சுகர்னு தெரிஞ்சு 12 வருஷம் ஆச்சு. மதுரைல எங்க ஏரியால காலைல நடக்குற ஏழெட்டுப் பேர் சேந்து மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு மொட்டைமாடில உக்காந்து பேச ஆரம்பிச்சோம், இப்ப இருபது பேருக்கு மேல வர்றாங்க. புதுசா வர்ற ஒவ்வொருத்தரும் அதே கேள்வியத்தான் கேக்குறாங்க, நானும் அதே பதிலத்தான் சொல்லிட்டிருக்கேன், அதான் மொத்தமா எழுதி வச்சிட்டேன். நான் டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல, ஒரு மளிகைக் கடைல கணக்கு எழுதுறவ. அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

"டாக்டர் மாத்திரை குடுத்துட்டாரு, போட்டா சரியாயிடும். இதுல நாலு பேர் கூட உக்காந்து பேசுறதுக்கு என்னக்கா இருக்கு?"

மாத்திரைய யாரும் வேண்டாம்னு சொல்லல. ஆனா டாக்டர மூணு மாசத்துக்கு ஒருக்கா பாக்குறோம், வெளிய நாப்பது பேர் டோக்கன் வச்சுக்கிட்டு நிக்கிறாங்க, உள்ள போனா அஞ்சு நிமிஷம். மிச்ச நாள்ல வர்ற சந்தேகம் எல்லாம் யார்கிட்ட கேப்பீங்க? கல்யாணப் பந்தில பாயாசம் வச்சுட்டு "ஒரு நாள்தானே" னு சொல்றவங்கள எப்படி சமாளிக்கிறது, பஸ்ல திருச்செந்தூர் போறப்ப இன்சுலின் ஊசி எங்க வச்சு எடுத்துட்டுப் போறது, விரதத்தன்னிக்கு மாத்திரைய என்ன பண்றது, இதெல்லாம் டாக்டர் ரூம்ல ஞாபகத்துக்கே வராது.

என் கதையவே சொல்றேன். ஆரம்பத்துல சீக்கிரம் குறையட்டும்னு மாத்திரையப் போட்டுட்டு காலைச் சாப்பாட்ட நிறுத்திட்டேன், யாரும் அப்படிச் செய்யச் சொல்லல, நானா எடுத்த முடிவு. ரேஷன் கடை லைன்ல நிக்கிறப்ப கை நடுங்கி வேர்த்து ஊத்தி கண்ணு இருட்டிருச்சு. பின்னாடி நின்ன அம்மா கைப்பைல இருந்து ரெண்டு மிட்டாய எடுத்து வாயில போட்டு "உங்களுக்கும் சுகரா? மாத்திரை போட்டா சாப்பிடணும்மா" னாங்க. எனக்கு அந்த நோயப் பத்தி ஒழுங்கா புரிஞ்சது அன்னிக்குத்தான். அந்த அம்மாதான் எங்க குரூப்போட மொத ஆளு.

"குரூப்னா என்ன பண்ணுவாங்க? சுத்தி உக்காந்து அழுவாங்களா?"

அழுதும் இருக்காங்க, சிரிச்சும் இருக்காங்க, பெரும்பாலும் சாப்பாட்டப் பத்திதான் பேசுறோம். தோசை எத்தனை, கேப்பை கூழ் குடிச்சா ஏறுதா, சுகர் பாக்குற மெஷினுக்குப் போடுற ஸ்ட்ரிப் எந்தக் கடைல விலை குறைவு, எந்த ஆஸ்பத்திரில கண்ணுக்கு சொட்டு மருந்து விட்டு பாக்குறாங்க. யாருக்காவது ஊசி மொத தடவை எழுதிக் குடுத்திருந்தா ஏற்கனவே போடுறவங்க எப்படி போடுறாங்கன்னு காட்டுவாங்க, வயித்துல போடுறது அவ்வளவு வலிக்காதுன்னு டாக்டர் சொன்னா நம்பாத ஆளு பக்கத்து வீட்டுக்காரி சட்டுனு போட்டுக் காட்டினா நம்பிருவாரு.

"எங்க ஊர்ல அந்த மாதிரி எதுவும் இல்லையே, எங்க போய் தேடுறது?"

இருக்கும், அதுக்கு போர்டுதான் மாட்டிருக்காது. முதல்ல உங்க ஆரம்ப சுகாதார நிலையம், இல்ல அரசு ஆஸ்பத்திரில தொற்றா நோய் பிரிவுன்னு இருக்கும், சுகர் பிபிக்கு பாக்குறது அங்கதான். அங்க இருக்குற நர்ஸுக்கு உங்க தெருவுல யார் யாருக்கு சுகர்னு தெரியும், பேரச் சொல்ல மாட்டாங்க, சொல்லவும் கூடாது, ஆனா "சிஸ்டர், என்ன மாதிரி யாராவது பேச விரும்புனா என் நம்பர குடுங்க" னு நீங்க சொல்லிட்டு வரலாம். எங்க குரூப்புக்கு அப்படியே அஞ்சு பேர் வந்தாங்க.

அடுத்தது காலைல நடக்குற இடம். தமிழ்நாடு அரசு 2023 நவம்பர்ல நடப்போம் நலம் பெறுவோம்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதைன்னு குறிச்சு விட்டாங்க, உங்க மாவட்டத்துல அது எங்கன்னு விசாரிங்க. அது தூரமா இருந்தா பக்கத்துல இருக்குற கண்மாய்க் கரை, ஸ்கூல் கிரவுண்டு எதுவா இருந்தாலும் சரி. காலைல அஞ்சரைக்கு அங்க வேகமா நடக்குற அம்பது வயசுக்காரங்கள்ல ஒருத்தர்கிட்ட "உங்களுக்கு எத்தனை இருக்கு" னு கேட்டுப் பாருங்க, எத்தனைன்னா என்னன்னு யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க.

மூணாவது மகளிர் சுய உதவிக் குழு. ஏற்கனவே வாரம் வாரம் கூடுற கூட்டம், கணக்கு முடிஞ்சப்பறம் ஒரு கால் மணி நேரம் இதுக்கு ஒதுக்கச் சொன்னா போதும். அப்பறம் நவம்பர் 14, உலக நீரிழிவு நாள், இன்சுலின் கண்டுபிடிச்ச பேண்டிங்கோட பிறந்த நாள் அது, அந்த வாரம் முழுக்க ஊருக்கு ஊரு இலவச கேம்ப் நடக்கும். கேம்ப்ல ரத்தம் குடுத்துட்டு ரிசல்ட்ட வாங்கிட்டு ஓடி வந்துறாதீங்க, லைன்ல பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட பேச்சுக் குடுங்க. அரசு சேவை விவரம் எதுவா இருந்தாலும் 104க்கு போன் பண்ணி கேக்கலாம்.

"மக்களைத் தேடி மருத்துவம்ல ஒரு அக்கா வர்றாங்க, அவங்க மாத்திரைய குடுத்துட்டு போறதோட சரிதானே?"

பல பேர் அப்படித்தான் நெனச்சு வாசல்லயே வாங்கிட்டு கதவ சாத்திடுறாங்க. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்சது, 2024ல ஐக்கிய நாடுகள் சபையோட விருது கூட கிடைச்சது. வீட்டுக்கு வர்ற தன்னார்வலர் பெரும்பாலும் உங்க பகுதி சுய உதவிக் குழுப் பொண்ணுதான். சுகர், பிபி பாப்பாங்க, மாத்திரை கொண்டு வருவாங்க, படுத்த படுக்கையா இருக்குறவங்களுக்கு பிசியோதெரபிக்கும் வலி தணிக்கிற சிகிச்சைக்கும் ஆள் அனுப்ப ஏற்பாடு இருக்கு.

என்னப் பொறுத்தவரைக்கும் அந்தப் பொண்ணுதான் உங்க தெருவோட சுகர் டைரக்டரி. உக்கார வச்சு ஒரு மோர் குடுத்துப் பேசுங்க. அவங்களுக்கும் ஒரு நாளைக்கு எத்தனை வீடு, எவ்வளவு வெயிலு, கெடைக்கிற சம்பளமும் பெருசா ஒண்ணும் இல்ல. எங்க மொட்டைமாடி கூட்டத்துக்கு அவங்களே ரெண்டு தடவை மெஷினோட வந்தாங்க.

"எனக்கு சுகர்னு வீட்ல மாமியாருக்கே தெரியாது. குரூப்ல சேந்தா ஊருக்கே தெரிஞ்சுருமே, பொண்ணுக்கு வேற வரன் பாத்துட்டிருக்கோம்."

இத கேக்காத மாசம் இல்ல, இந்த பயத்த நான் சில்லறையா எடுத்துக்க மாட்டேன், நம்ம ஊர்ல இது நெசமான பயம்தான். எங்க குரூப்ல ஒரே ஒரு சட்டம், மாடில பேசுனது படி இறங்கக் கூடாது. போட்டோ கிடையாது, வாட்ஸ்அப் குரூப்புக்கு சுகர்ங்கிற பேரே கிடையாது, "ஞாயிறு மாடி" னுதான் வச்சிருக்கோம். ஒருத்தங்க ஏழு மாசம் வந்தாங்க, வீட்ல அவங்க தையல் கத்துக்கப் போறதா நெனச்சிட்டிருந்தாங்க.

ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. வீட்ல மறைக்கிறதுனால வர்ற கெடுதல், ஊர் பேசுறதுனால வர்ற கெடுதல விட பெருசு. மாத்திரைய அரிசி டப்பால ஒளிச்சு வச்சிருந்தா ஒரு நாளைக்கு வீட்ல நீங்க மயங்கி விழுந்தா என்னன்னு தெரியாம மூஞ்சில தண்ணி தெளிச்சிட்டு உக்காந்திருப்பாங்க. ஒரே ஒரு ஆளு, புருஷனோ புள்ளையோ நாத்தனாரோ, அவங்களுக்காவது தெரிஞ்சிருக்கணும். 2023ல வந்த, ஐசிஎம்ஆர்ங்கிற மத்திய அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்போட ஆய்வுப்படி நாட்டுல பத்துக் கோடிக்கு மேல சுகர்காரங்க, அதனால சம்பந்தி வீட்டுலயும் ஒருத்தராவது டப்பாவ ஒளிச்சு வச்சிருப்பாங்க.

"நடக்கறப்ப ஒருத்தருக்கு லோ சுகர் ஆயிட்டா கூட இருக்குறவங்க என்ன பண்றது?"

குரூப்ல எல்லாருக்கும் தெரிஞ்சே ஆகணும், என் ரேஷன் கடை கதை ஞாபகம் இருக்குல்ல. நடுக்கம், வேர்வை, படபடப்பு, திடீர் பசி, குழறல், சில பேருக்கு காரணமில்லாத கோவம். மெஷின் இருந்தா பாருங்க, 70க்கு கீழ இருந்தா லோ. மெஷின் இல்லன்னா பாக்குறதுக்கு காத்திருக்க வேண்டாம். 15 கிராம் சக்கரை, அதாவது மூணு டீஸ்பூன் சீனி தண்ணில கலக்கி, இல்ல குளுக்கோஸ் பொடி, குடுத்துட்டு 15 நிமிஷம் பாருங்க, தெளியலன்னா திரும்ப அதே அளவு. தெளிஞ்சதும் ஏதாவது டிபன் சாப்பிட வைங்க. சாக்லேட் வேண்டாம், அதுல இருக்குற கொழுப்புனால சக்கரை மெதுவாத்தான் ஏறும்.

மயங்கிட்டாங்கன்னா வாயில எதையும் ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். ஒருக்களிச்சு படுக்க வச்சுட்டு 108. எங்க ஆளுங்க எல்லார் சட்டைப் பையிலயும் முந்தானை முடிச்சுலயும் குளுக்கோஸ் இருக்கும், பாத்தா சின்னப் பசங்க மிட்டாய் வச்சிருக்குற மாதிரி இருக்கும்.

"என் பையனுக்கு 9 வயசு, டைப் 1னு சொல்லிட்டாங்க. உங்க குரூப்ல எல்லாம் பெரியவங்க, எங்களுக்கு யாரு இருக்கா?"

உங்கள மாதிரி அம்மா அப்பாங்களோட துணைதான் உங்களுக்கு வேணும், நாங்க அன்பா பேசுவோம் அவ்வளவுதான், எங்களுக்கு அந்த வாழ்க்கை தெரியாது. டைப் 1ல கணையம் இன்சுலினே சுரக்காது, ஊசி இல்லாம உயிர் இல்ல, அது அப்பா அம்மா இனிப்பு குடுத்ததுனால வந்தது இல்ல. சென்னைன்னா எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைல நீரிழிவுக்குன்னு தனி நிலையம். கோயம்புத்தூர்ல இதயங்கள் அறக்கட்டளை டைப் 1 புள்ளைங்களுக்காகவே வேலை பாக்குறாங்க, வசதியில்லாத வீட்டுப் புள்ளைங்களுக்கு இன்சுலின், ஸ்ட்ரிப்னு உதவி பண்றாங்க. மத்த ஊர்ல மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி குழந்தைங்க ஓ.பி.ல "டைப் 1 புள்ளைங்களுக்கு என்ன கிழமை" னு கேட்டு அந்த நாள் போங்க, அந்த பெஞ்சுல உங்கள மாதிரியே பத்து அம்மாங்க உக்காந்திருப்பாங்க. அந்த பெஞ்சுதான் குரூப்.

ஸ்கூல் பிரச்சனைய எல்லா அம்மாவும் சொல்றாங்க. தேசிய குழந்தைகள் உரிமை ஆணையம் 2023ல எல்லா மாநிலத்துக்கும் கடிதம் எழுதியிருக்கு, டைப் 1 புள்ளைங்க கிளாஸ்ல சுகர் பாக்கவும், ஊசி போடவும், நடுவுல சாப்பிடவும் விடணும்னு. சிபிஎஸ்இ 2017லயே பரீட்சை ஹாலுக்குள்ள குளுக்கோஸ் மாத்திரை, பழம், தண்ணி கொண்டு போக அனுமதி குடுத்தாச்சு. டாக்டர் லெட்டரோட ஹெட்மாஸ்டர பாருங்க. தனியா போகாதீங்க, அந்த பெஞ்சுல பழக்கமான இன்னொரு அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, ரெண்டு பேர் நின்னா பதிலே வேற மாதிரி வரும்.

"டைப் 1, டைப் 2 எல்லாம் ஒரே குரூப்ல இருந்தா என்ன?"

டைப் 2ங்கிறது எங்கள மாதிரி பெரியவங்களுக்கு பெரும்பாலும் வர்ற சுகர். கத பேச ஒண்ணா இருக்கலாம், வைத்தியம் பேசக் கூடாது. எங்க கூட்டத்துக்கு வந்த, டைப் 1 இருக்குற ஒரு காலேஜ் பொண்ணுகிட்ட ஒரு பெரியவர் "நல்லா நடம்மா, நாலு மாசத்துல ஊசிய நிறுத்திரலாம்" னாரு. அவருக்கு நல்ல எண்ணம்தான், ஆனா அவ அத நம்பியிருந்தா ரெண்டு மூணு நாள்ல ஐசியு. அந்தப் பொண்ணு சிரிச்சிட்டே "தாத்தா, எனக்கு கணையமே லீவு" னு சொல்லி சமாளிச்சா, எனக்குத்தான் தூக்கம் போச்சு. அதுல இருந்து புதுசா யாரு வந்தாலும் மொதல்ல எந்த டைப்னு சொல்ல வைக்கிறோம், கர்ப்பத்துல வந்த சுகர்னா அதையும் தனியா சொல்லச் சொல்றோம், அதுக்கு கணக்கே வேற.

"நாலு பேர் கூட சேந்தா நெசமாவே சுகர் குறையுமா? ஆதாரம் இருக்கா, இல்ல சும்மா மனசுக்கு ஆறுதலா?"

ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கேட்டது, அவருக்காக என் மக கிட்ட சொல்லி தேடிப் படிச்சேன். பக்கத்துல கேரளாவுல, நெய்யாற்றின்கரை தாலுகாவுல, 60 ஓட்டுச்சாவடிப் பகுதிகள்ல 1007 பேர வச்சு ஒரு ஆய்வு நடந்திருக்கு, 2018ல வெளியாச்சு. இவங்க சுகர் வந்தவங்க இல்ல, வர வாய்ப்பு அதிகம்னு கண்டுபிடிச்சவங்க. பாதிப் பேர அந்தந்த ஊர் ஆளுங்கள்லயே ஒருத்தர தலைவரா வச்சு குழுவா கூட வச்சாங்க, மீதிப் பேருக்கு ஒரு புத்தகம் மட்டும். ரெண்டு வருஷம் கழிச்சு குழுவுல இருந்தவங்கள்ல 14.9 சதவீதம் பேருக்கு சுகர் வந்திருந்தது, மத்தவங்கள்ல 17.1 சதவீதம். குறைவுதான், ஆனா தற்செயலா கூட அந்த வித்தியாசம் வந்திருக்கலாம்னு அவங்களே எழுதியிருக்காங்க. காய்கறி பழம் சாப்பிடுறது கூடிருக்கு, குடி குறைஞ்சிருக்கு.

சுகர் ஏற்கனவே வந்தவங்கள வச்சு உலகம் பூரா நடந்த ஆய்வுகளச் சேத்துப் பாத்தாலும் மூணு மாச சராசரி சுகர்ல, அதாவது HbA1c டெஸ்டுல, கொஞ்சம்தான் குறையுது. அதனால குரூப்ல சேந்தா சுகர் ஓடிப் போயிரும்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. வாத்தியாருக்கு இந்தப் பதில் திருப்தியா இல்ல, ஆனா மறு மாசமும் வந்தாரு.

"குரூப்ல ஒருத்தர் மாத்திரைய நிறுத்திட்டு ஏதோ பொடி சாப்பிட்டு நார்மல் ஆயிட்டாராம், எங்களுக்கும் வாங்கித் தர்றேங்கிறாரு. வாங்கலாமா?"

வேண்டாம். சுகர குணப்படுத்துறோம்னு விளம்பரம் பண்றதே 1954ம் வருஷத்து மருந்து மாயத் தீர்வு விளம்பரச் சட்டப்படி குத்தம், அந்தச் சட்டத்தோட நோய்ப் பட்டியல்லயே நீரிழிவு இருக்கு. இவ்வளவு பழைய சட்டம் இருந்தும் பஸ் ஸ்டாண்டு செவுரு பூரா போஸ்டரு.

வெந்தயம், பாகற்காய், நாவல் கொட்டைனு வீட்ல சாப்பிடுறத நான் தடுக்கல, நானே வெந்தயம் ஊற வச்சு சாப்பிடுறவதான். சித்த மருத்துவம் பாக்கணும்னா அரசு ஆஸ்பத்திரிலயே சித்த பிரிவு இருக்கு, படிச்ச டாக்டர் இருப்பாங்க, ஆனா போட்டுட்டிருக்குற மாத்திரைய அவங்ககிட்டயும், அவங்க குடுக்குறத இங்கயும் சொல்லிருங்க. குரூப்ல ஒருத்தர் பொருள விக்க ஆரம்பிச்சா அந்த நிமிஷத்துல இருந்து அவரு நம்ம கூட்டாளி இல்ல, வியாபாரி. நாங்க ஒருத்தர அப்படி வெளிய அனுப்புனோம், பத்து வருஷப் பழக்கம், இன்னும் என்னப் பாத்தா மூஞ்ச திருப்பிக்குவாரு, என்ன பண்றது.

"அரிசிய சுத்தமா விட்டுட்டு பேலியோ மாதிரி சாப்பிடுற குரூப்ல சேந்தேன், நல்லா குறையுது. அதுல தப்பு என்ன?"

குறையும்தான், மாவுச்சத்த நிறுத்துனா சுகர் இறங்கத்தானே செய்யும், நல்லா வந்தவங்களையும் பாத்திருக்கேன். ஆபத்து சாப்பாட்டுல இல்ல, பழைய மாத்திரைய அதே அளவுல போட்டுக்கிட்டு புது சாப்பாட்டுக்கு மாறுறதுல இருக்கு. கிளிமிபிரைடு மாதிரி இன்சுலின் சுரப்ப கூட்டுற மாத்திரையோ, இன்சுலினோ போடுறவங்க திடீர்னு சோத்த நிறுத்துனா லோ சுகர் ஆகும், மேல சொன்ன நடுக்கம் வேர்வை எல்லாம் வரும். டாபாகிளிஃப்ளோசின் மாதிரி, சிறுநீர்ல சக்கரைய வெளியேத்துற மாத்திரை போடுறவங்களுக்கு இன்னொரு சிக்கல், ரத்தத்துல அமிலம் ஏறும், அதுவும் மெஷின்ல சுகர் நார்மலா காட்டுறப்பவே. வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்குறதுன்னு வந்தா மெஷின நம்பி வீட்ல படுத்திருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

அதனால மாறுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட "இப்படி சாப்பிடப் போறேன், மாத்திரைய எப்படி மாத்தணும்" னு கேட்டுருங்க, கிட்னில பிரச்சனை இருக்குறவங்க கண்டிப்பா. எந்த குரூப்பா இருந்தாலும் நான் பாக்குற அடையாளம் ஒண்ணுதான், டாக்டர்கிட்ட கேளுன்னு சொல்றாங்களா, டாக்டர்கிட்ட சொல்லாதன்னு சொல்றாங்களா.

"ஒரே மெஷின்ல எல்லாரும் பாத்துக்கலாமா? ஆளுக்கு ஒண்ணு வாங்க காசு இல்ல."

ரத்தம் எடுக்க விரல்ல குத்துற பேனாவையும் அதோட ஊசியையும் ஒருத்தருக்கொருத்தர் மாத்தவே கூடாது, ஹெப்படைட்டிஸ் பி மாதிரி வியாதி பரவும், ஊசிய மட்டும் மாத்திட்டு அதே பேனாவ வச்சு குத்துறதும் தப்புதான். மெஷினும் வீட்டு மெஷின் ஒரு ஆளுக்குன்னே பண்ணது. குடும்பத்துக்குள்ளயே கூட நான் இத சொல்லுவேன். காசு இல்லன்னா சுகாதார நிலையத்துல போய் பாருங்க, இலவசம். குத்துன ஊசிய குப்பைல சும்மா போடாதீங்க, மூடி இறுக்கமா இருக்குற கெட்டி பிளாஸ்டிக் டப்பால சேத்து ஆஸ்பத்திரில குடுத்துருங்க, குப்பை அள்ளுற அக்கா கையில குத்திருச்சுன்னா அந்தப் பாவம் நமக்கு.

"இன்சுலின் செலவு தாங்கல. குரூப்ல யாராவது மிச்சம் வச்சிருந்தா வாங்கிக்கலாமா?"

எங்க குரூப்ல இது தடை. வேற வேற இன்சுலின் வேற வேற வேகத்துல வேலை செய்யும், ஒண்ணு உடனே, ஒண்ணு நாள் முழுக்க, மாத்திப் போட்டா ஆபத்து. அது எந்த வீட்டு ஃப்ரிட்ஜுல எத்தனை தடவை கரண்டு போச்சோ அதுவும் தெரியாது. அரசு ஆஸ்பத்திரில இன்சுலின் இலவசம், சீட்டு போட்டு மாசா மாசம் வாங்குங்க, அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல. மாத்திரைக்கு மத்திய அரசோட மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரில தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச முதல்வர் மருந்தகம், ரெண்டுலயும் அதே மருந்து பிராண்டு பேர் இல்லாம விலை நல்லா குறைச்சலா கிடைக்கும். பெட்டில இருக்குற பேர பாத்து பயப்படாதீங்க, மருந்தோட பேரும் மில்லிகிராமும் சீட்டுல இருக்குறதோட ஒத்துப் போகுதான்னு அங்க இருக்குற பார்மசிஸ்ட்கிட்ட கேட்டுக்குங்க.

வருஷ வருமானம் 1.20 லட்சத்துக்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்து வச்சுருங்க, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும், டயாலிசிஸ் மாதிரி பெரிய செலவுக்கு அதுதான் கை குடுக்கும். நோய் முத்துனப்பறம் ஓடாதீங்க.

வீட்ல ஃப்ரிட்ஜ் இல்லாதவங்களுக்கு ஒரு யோசனை, பெரிய மண்பானைல ஈர மணல் போட்டு நடுவுல சின்னப் பானை, அதுக்குள்ள இன்சுலின பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வைங்க, மணல் காயாம தண்ணி தெளிச்சுட்டே இருங்க, காத்தோட்டமான நிழல்ல இருக்கணும். ஃப்ரீசர்ல மட்டும் வச்சுராதீங்க, உறைஞ்ச இன்சுலின் உருகினாலும் குப்பைக்குத்தான்.

"எல்லாரும் போட்டி மாதிரி நம்பர் சொல்றாங்க, எனக்கு மட்டும் மூணு மாச சுகர் 9க்கு கீழ வரமாட்டேங்குது. அசிங்கமா இருக்குன்னு நின்னுட்டேன்."

இந்தத் தப்ப நாங்களே பண்ணோம். ஆரம்பத்துல மூணு மாச சுகர ஒரு போர்டுல எழுதி, யாரு குறைச்சாங்களோ அவங்களுக்கு ஒரு சில்வர் டம்ளர் பரிசு. மூணாவது மாசம் ஆறு பேர் வரல. அதுல ஒருத்தங்க ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு எடுக்குறவங்க, அந்த மருந்தே சுகர ஏத்தும், அவங்க எப்படி ஜெயிக்க முடியும்? போர்ட எடுத்துட்டோம். இப்ப யாரும் விரும்பினா மட்டும் நம்பர சொல்லலாம். வயசு, எத்தனை வருஷமா சுகர், வேற என்ன வியாதி, எல்லாத்தையும் பாத்துத்தான் டாக்டரே ஆளாளுக்கு இலக்கு வைக்கிறாரு, 75 வயசுப் பாட்டிக்கும் 35 வயசு ஆளுக்கும் ஒரே நம்பர் கிடையாது. திரும்ப வாங்க, டம்ளர் இன்னும் எங்க வீட்லதான் இருக்கு, அதுல காபி குடிக்கலாம்.

"எதுவுமே பிடிக்கல. குத்தி குத்தி வெறுத்துப் போச்சு, சில நாள் மாத்திரையே வேண்டாம்னு தோணுது. இது பேசி தீருற விஷயமா?"

கொஞ்சம் தீரும், எல்லாம் தீராது. லீவே இல்லாத வேலைங்க இது, அலுத்துப் போறது இயற்கை, நானும் ஒரு வருஷம் மெஷின அலமாரில பூட்டி வச்சவதான். இதுக்கு டாக்டருங்ககிட்ட பேரே இருக்கு, சுகரால வர்ற மன உளைச்சல்னு. குரூப்ல அத சொன்னா பாதி பேர் "எனக்கும்" னு கை தூக்குவாங்க, அதுவே ஒரு மூச்சு விடுற மாதிரி இருக்கும்.

ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் போய் சாப்பாடு போய் உயிரோட இருந்து என்னன்னு தோணுதுன்னா, அது எங்க மொட்டைமாடிக்கு மேற்பட்ட விஷயம். 14416க்கு போன் பண்ணுங்க, அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழ்ல பேசலாம். உங்க சுகர் டாக்டர்கிட்டயும் சொல்லுங்க.

"எங்க வீட்டுக்காரர் வரவே மாட்டேங்கிறாரு, எனக்கு ஒண்ணும் இல்லங்கிறாரு."

ஆம்பளைங்கள குரூப்புக்கு வாங்கன்னு கூப்பிட்டா வர மாட்டாங்க. டீக்கடைக்கு வாங்கன்னா வருவாங்க. எங்க நடக்குற பாதை முடியுற எடத்துல ஒரு டீக்கடை இருக்கு, மாஸ்டர்கிட்ட சொல்லி வச்சு சீனி இல்லாத டீ கேக்காமலே வரும், அங்க உக்காந்து அரசியல் பேசி கடைசி பத்து நிமிஷம் கால் மதமதப்பப் பத்தி பேசுறாங்க, அதுதான் அவங்க குரூப். உங்க வீட்டுக்காரரோட கூட்டாளி யாராவது ஒருத்தர பிடிச்சு கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, நீங்க சொன்னா எரிச்சல்தான் வரும்.

"நானே எங்க தெருவுல ஒண்ணு ஆரம்பிக்கணும், என்ன வேணும்?"

மூணு பேர், ஒரு இடம், மாறாத ஒரு தேதி. தலைவர் செயலாளர்னு போடாதீங்க, ரிஜிஸ்டர் பண்ணாதீங்க, காசு வசூல் பண்ணாதீங்க, காசு வந்தா கணக்கு வரும், கணக்கு வந்தா சண்டை வரும், இத கணக்கு எழுதுறவளே சொல்றேன். மொத கூட்டத்துக்கு சுகாதார நிலைய நர்ஸையோ டாக்டரையோ ஒரு அர மணி நேரம் வரச் சொல்லி கேளுங்க, அவங்க வந்தா சனங்களுக்கு நம்பிக்கை வரும், உங்களால பதில் சொல்ல முடியாத கேள்விய யார்கிட்ட அனுப்பணும்னும் தெரிஞ்சுக்குவீங்க. படி ஏற முடியாதவங்க இருப்பாங்க, அதையும் யோசிச்சு இடம் பாருங்க, நாங்க யோசிக்காம மாடிய பிடிச்சுட்டோம்.

"எனக்கு கால்ல ரெண்டு விரல் எடுத்தாச்சு. என்னப் பாத்தா மத்தவங்க பயந்துருவாங்கன்னுதான் வரல."

பயப்படுவாங்க, அது தேவையான பயம்தான். எங்க குரூப்ல ஒரு ஆட்டோக்காரர் இருக்காரு, செருப்புல இருந்த சின்ன ஆணி குத்துனது உணர்ச்சி இல்லாததால தெரியல, பத்து நாள் கழிச்சு நாத்தம் வந்தப்பறம்தான் பாத்திருக்காரு. அவரு ஒரு ஞாயித்துக்கிழமை சாக்ஸ கழட்டி கால எல்லாருக்கும் காட்டுனாரு, யாரும் ஒரு வார்த்தை பேசல. மறு மாசம் வந்தப்ப பாதிக்கு மேல ஆளுங்க கைல பத்து ரூபா முகம் பாக்குற கண்ணாடி வாங்கி வச்சிருந்தாங்க, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி தரைல வச்சு உள்ளங்கால பாக்குறதுக்கு. பன்னெண்டு வருஷமா எல்லா டாக்டரும் கால பாருங்கன்னு சொன்னாங்க, கேக்கல, அவரு ஒரு வார்த்தை சொல்லாமலே நடந்துச்சு.

நீங்க வாங்க. மாடி ஏற முடியலன்னா முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிருங்க, அன்னிக்கு எல்லாரும் கீழ திண்ணைல உக்காந்துக்கலாம்.